வேலையில் கை அடிபட்டது, பில்லை யார் கட்டுவது?

எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். என் மச்சான் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் வேலை. போன மாதம் பெல்ட்டில் கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒப்பரேஷன் நடந்தது, அதற்குக் காசில்லை. அப்புறம் ஸ்கேன், மருந்து, பிசியோதெரபி என்று தனியாரிடம் ஓடியதில் 86,000 ரூபாய் கைக்காசு போய்விட்டது.

மில்லில் குழுக் காப்புறுதி இருக்கிறது. "அதில் எடுங்கோ" என்கிறார் முதலாளி. காப்புறுதிக்காரரோ வேலையிடத்து விபத்து எங்கள் கணக்கில் வராது, முதலாளியிடம் கேளுங்கள் என்கிறார்கள். பந்து மாதிரி உருட்டுகிறார்கள்.

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி முதலாளிதான் பொறுப்பு என்று தெரியும். ஆனால் அந்த நட்டஈடு உறுப்பு இழப்புக்கும் வேலை செய்ய முடியாமல் போனதற்கும் உரியது. மருந்துச் செலவு அதற்குள் அடங்குமா, தனியாகக் கேட்க வேணுமா?

இன்னொன்று, அசல் பில் ஒரு செற்தான் உண்டு. அதை முதலில் யாரிடம் கொடுப்பது? உறுதிப்படுத்திய பிரதியை மற்ற இடத்தில் ஏற்பார்களா? மில்லில் 25,000 ரூபாய் தந்து ஒரு கடதாசியில் கையெழுத்து கேட்கிறார்கள். எனக்கென்றால் அதுதான் பயம், மச்சான் இன்னும் வைக்கவில்லை.

அம்பாறை தொழில் அலுவலகத்தில் இப்படி முறைப்பாடு கொடுத்தவர்கள் யாரும் இருந்தால் என்னென்ன கொண்டுபோக வேணும் என்று சொல்லுங்கோ. திங்கட்கிழமை போகலாம் என்று இருக்கிறோம்.