‘டார்கெட் ஹார்ட் ரேட்’: தமிழில் எப்படிச் சொல்வது? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். இதயச் சிகிச்சை முடிந்தவர்களுக்கான உடற்பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பன்னிரண்டு பக்கம், பதினொன்றரை முடிந்துவிட்டது. மிச்சமுள்ள அரைப் பக்கத்தில் ‘டார்கெட் ஹார்ட் ரேட்’ ஆறு இடத்தில் வருகிறது. அதை எட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு கட்டச் செய்தியும் இருக்கிறது. நானாக ‘இலக்கு இதயத் துடிப்பு விகிதம்’ என்று போட்டுப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. படிக்கப்போகிறவர் டிரெட்மில்லில் நிற்பவர்.

பொருள் இதுதான்: 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு, தோராயமாக. ஐம்பது வயதுக்காரருக்கு 170. மிதமான பயிற்சிக்கு அதில் 50 முதல் 70 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 85 முதல் 119 வரை. கடும் பயிற்சிக்கு 70 முதல் 85 விழுக்காடு. இதற்கு ஒரு பெயர் கொடுங்கள். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது.

செயலி உருவாக்குநர்:

‘இலக்கு துடிப்பு’. எங்கள் செயலியில் இதைத்தான் போட்டிருக்கிறோம். கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை, கைக்கடிகாரத் திரையில் அதற்குமேல் இடமில்லை. இதயம் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறு எது துடிக்கப்போகிறது?

புலவர்:

//வேறு எது துடிக்கப்போகிறது?//

கண் துடிக்கும், உதடு துடிக்கும், மீசை துடிக்கும், தரையில் போட்ட மீன் துடிக்கும். தம்பி, அதுகூடப் போகட்டும். ‘இலக்கு’ வன்தொடர்க் குற்றியலுகரம். பின்னால் வல்லினம் வந்தால் மிகும். ‘இலக்குத் துடிப்பு’ என்றுதான் எழுத வேண்டும். உங்கள் திரையில் ஒரு ‘த்’துக்கா இடமில்லை?

செயலி உருவாக்குநர்:

உண்மையிலேயே இல்லை ஐயா. போட்டுப் பார்த்தேன். ‘பு’ கீழே விழுந்தது.

வேர்ச்சொல் ஆர்வலர்:

ஒற்றைப் பற்றிப் பேசுமுன் சொல்லைப் பார்ப்போம். ‘இலக்கு’ வடமொழி லக்ஷ்யத்தின் வழி வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஐயத்துக்கு இடமான சொல் எதற்கு? ‘குறி’ இருக்கிறதே! குறி பார், குறி தவறாதே, குறிக்கோள். ‘இதயம்’ ஹ்ருதயத்தின் திரிபு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதற்கு நம்மிடம் ‘நெஞ்சாங்குலை’ உண்டு. உறுப்பை மட்டுமே குறிக்கும், காதல் கவிதை கலக்காத சொல். ஆக, ‘நெஞ்சாங்குலைக் குறித்துடிப்பு’.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மன்னிக்கவும். ‘குறி’ என்றதும் இன்றைய வாசகருக்கு எந்த உறுப்பு நினைவுக்கு வரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் ‘துடிப்பு’ வேறு. இந்தக் கையேட்டை அச்சடிப்பவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரிப்பார்.

ஈழத்திலிருந்து ஒருவர்:

எங்கட பாடநூல்களில் இதயத் துடிப்பு வீதம் எண்டுதான் படிச்சனாங்கள். வட்டி வீதம், பிறப்பு வீதம், எல்லாத்துக்கும் வீதம்தான். நீங்கள் விகிதம் எண்டு எழுதுறது எங்களுக்கு இரண்டு அளவுகளை ஒப்பிடுற கணக்காத்தான் தெரியும். அக்கா, விகிதத்தை மட்டும் போடாதேங்கோ. அது தமிழ்ப் பிரச்சினை இல்லை, கணக்குப் பிரச்சினை.

மொழிபெயர்ப்பாளர்:

சரிதான். விகிதம் போயிற்று. நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணே சொல்லிவிடுவதால் வீதமும் வேண்டாம் என்று நினைக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

வேர்ச்சொல் ஆர்வலர்:

துடிப்பே வேண்டாமே. ‘நாடி’ என்றால் எல்லாருக்கும் புரியும். நாடிக்கும் வடமொழியில் வேர் காட்டுவார்கள், நம்பாதீர்கள். நாடு என்றால் தேடு. விரல் வைத்துத் தேடப்படுவது நாடி. வள்ளுவரே ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்கிறார். ‘இலக்கு நாடி’ என்று வையுங்கள். இலக்கை நாடிப் போகிறோம் என்ற பொருளும் கிடைக்கிறது.

புலவர்:

அந்தக் குறளில் (948) நாடி மூன்று முறை வருகிறது. மூன்றும் வினையெச்சம். ‘ஆராய்ந்து’ என்று பொருள். வள்ளுவர் யார் கையையும் பிடித்துப் பார்க்கவில்லை. நாடிக்குச் சான்று வேண்டுமானால் சித்த மருத்துவத்துக்குப் போங்கள். வாதம், பித்தம், ஐயம் (கபம்) மூன்றும் ஒன்று, அரை, கால் மாத்திரை அளவில் ஓட வேண்டும் என்று அங்கே கணக்கு இருக்கிறது.

மாத்திரை என்றதும் ஒன்று தோன்றுகிறது. தொல்காப்பியர் கண்ணிமைப்பையும் கைநொடியையும் வைத்து ஒலியை அளந்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. காலத்தை அளக்கும் அந்தச் சொல்லே நாடிக்கும் அளவாயிற்று, விழுங்கும் மருந்துக்கும் பெயராயிற்று. கையேட்டில் ‘துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள்’ என்று வருமானால், மொழிபெயர்ப்பாளர் அம்மா, அங்கே ஒரு சிலேடை தானாகவே உட்கார்ந்திருக்கிறது.

துடியையும் சும்மா விட முடியாது. துடி ஒரு பறை, பாலை நிலத்துக்கு உரியது. அதை முழக்குகிற துடியன் புறநானூற்றிலேயே வருகிறான். பறையின் அதிர்விலிருந்து நெஞ்சின் அதிர்வுக்குப் பெயர் வந்ததா, நெஞ்சிலிருந்து பறைக்கா? இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

தனியாக எழுதுங்கள் ஐயா, படிக்க ஆசைதான். வெள்ளிக்குப் பிறகு.

இதய மருத்துவர்:

நாடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நாடியும் இதயத் துடிப்பும் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கும். சில துடிப்பில் அறை நிரம்புவதற்குள் சுருங்கிவிடும். அந்த அலை மணிக்கட்டுவரை வராது. ஸ்டெதாஸ்கோப்பில் நூறு எண்ணும்போது விரலுக்கு எண்பதுதான் கிடைக்கும். இந்தக் கையேட்டைப் படிப்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். துடிப்பு என்றே இருக்கட்டும்.

இன்னொன்று. 220 கழித்தல் வயது என்பது 1971-இல் பழைய தரவுகளின்மேல் கண்ணால் பார்த்து இழுத்த கோடு மாதிரி. 2001-இல் தனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். ஐம்பது வயதுக்கு இது 173. எதை எடுத்தாலும் தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துப் பார்க்கும் கார்வோனென் கணக்கு 1957-இலேயே வந்தது: ஓய்வில் 70, உச்சம் 170 என்றால் இடைவெளி 100, அதில் 60 விழுக்காட்டை 70-உடன் கூட்டினால் 130. வெறும் 170-இல் 60 விழுக்காடு எடுத்தால் 102. ஒரே ஆள், ஒரே ‘60 விழுக்காடு’, 28 துடிப்பு வித்தியாசம். பெயரில் இவ்வளவு துல்லியம் தேடுகிறீர்கள். எண்ணில் அது இல்லை.

பயிற்சியாளர்:

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இது என் தினசரி வேலை என்பதால் எழுதுகிறேன். என் எதிர்ப்பு ‘இலக்கு’ என்ற சொல்லுக்கு. வடமொழியோ தமிழோ, அது எனக்குத் தெரியாது.

என் வகுப்பில் 58 வயதுக்காரர் ஒருவர். அவர் தாளில் ‘இலக்கு: 81–113’ என்று இருந்தது. ஒருநாள் டிரெட்மில்லில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தையே முறைத்தபடி நடந்துகொண்டிருந்தார். கடிகாரம் 92 காட்டியது. சரியாகத்தான் இருக்கிறது என்று நான் அடுத்தவரிடம் போய்விட்டேன். திரும்பி வந்தால் வேகத்தைக் கூட்டியிருக்கிறார், சாய்வையும் கூட்டியிருக்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கடிகாரம் 94. “பேரன் எந்த வகுப்பு சார்?” என்று கேட்டேன். “மூணா...” என்றார், அடுத்த சொல் வரவில்லை. பொறியை நிறுத்தி உட்கார வைத்தேன். மூச்சு திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இலக்கு வரலையே, நான் ஃபெயிலா?”

81-லிருந்து 113 வரை எங்கே இருந்தாலும் சரிதான். அவர் 113-ஐ மட்டும் இலக்கு என்று எடுத்துக்கொண்டார். அந்தச் சொல்லைக் கேட்டால் நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். இலக்கு என்றால் ஒரு புள்ளி. அம்பு போய்த் தைக்கும் இடம். தைக்காவிட்டால் தோல்வி. அதோடு அவர் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர். உடம்பு எவ்வளவு உழைத்தாலும் எண் அவ்வளவாக ஏறாது.

‘பயிற்சித் துடிப்பு’ என்று போடுங்கள். பயிற்சி செய்யும்போது இருக்க வேண்டிய துடிப்பு, அவ்வளவுதான். அதில் ஜெயிக்கவும் தோற்கவும் ஒன்றுமில்லை.

செயலி உருவாக்குநர்:

பயிற்சியின்போது இப்போது எவ்வளவு துடிக்கிறது என்று காட்டும் எண்ணுக்கு என்ன பெயர் வைப்பேன்? அதுவும் ‘பயிற்சித் துடிப்பு’தானே? ஒரே திரையில் இரண்டும் வருகின்றன. ‘உகந்த துடிப்பு’ என்றால்?

இதய மருத்துவர்:

‘உகந்த’ என்றால் அதற்குக் கீழே இருப்பது உகாதது ஆகிவிடும். பீட்டா பிளாக்கர் எடுப்பவர் அங்கேதான் இருப்பார்.

ஈழத்திலிருந்து ஒருவர்:

‘துடிப்பு வரம்பு’?

பயிற்சியாளர்:

‘வரம்பு மீறாதே’ என்றுதான் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மேல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவார்கள். அப்புறம் யாரும் வேகமாக நடக்கவே மாட்டார்கள்.

புலவர்:

ஒரு வினைத்தொகை தருகிறேன். ஊர் அறிந்த ‘சுடுகாடு’ போல...

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, இதய நோயாளிகள் கையேடு.

புலவர்:

எடுத்துக்காட்டு பொருந்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ‘பாய்புலி’ போல என்று வைத்துக்கொள்வோம். ‘எட்டுதுடிப்பு’. எட்டிய, எட்டுகின்ற, எட்டும் துடிப்பு; முக்காலமும் உள்ளே அடங்கும். நேற்று எட்டியவரையும் நாளை எட்டப்போகிறவரையும் ஒரே சொல் தாங்கும். வினைத்தொகையில் வலி மிகாது என்பதால் செயலித் தம்பிக்கு அந்த ‘த்’ தொல்லையும் இல்லை.

செயலி உருவாக்குநர்:

யாராவது தவறிப்போய் ஒற்றுப் போட்டுவிட்டால் ‘எட்டுத்துடிப்பு’ ஆகிவிடும். எட்டுத்தொகை மாதிரி. நிமிடத்துக்கு எட்டுத் துடிப்பு என்றால் சுடுகாடே சரியான எடுத்துக்காட்டு.

இதய மருத்துவர்:

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். கட்டச் செய்தியில் வரும் மற்றச் சொல்லையும் பாருங்கள்: குரோனோட்ராபிக் இன்காம்பிடென்ஸ். உழைப்புக்கு ஏற்ற அளவு இதயத் துடிப்பு ஏறாத நிலை. வயதை வைத்துக் கணித்த உச்சத்தில் 85 விழுக்காட்டைப் பயிற்சிச் சோதனையில் எட்டாவிட்டால் பொதுவாக இப்படிச் சொல்கிறோம். மருந்தால் ஏறாமல் இருப்பதை இதோடு குழப்பக் கூடாது. மெட்டோபுரோலால், அட்டனலால், பிசோபுரோலால் என்று ‘லால்’ போட்டு முடிகிறவை பெரும்பாலும் பீட்டா பிளாக்கர்கள். நன்றாகப் பழகிய உடம்புக்கும் பழைய வேகத்தில் பழைய துடிப்பு வராது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் போவதால் குறைவான துடிப்பே போதும். அது நல்ல செய்தி. தசை முதலில் களைத்துவிட்டாலும் ஏறாது. மணிக்கட்டுக் கடிகாரம் தளர்வாக இருந்தால், ஏறியும் ஏறாததுபோலக் காட்டும்.

வேர்ச்சொல் ஆர்வலர்:

குரோனோஸ் என்றால் கிரேக்கத்தில் காலம். ட்ரோபோஸ் திருப்பம். ‘காலத்திருப்பத் திறனின்மை’.

பயிற்சியாளர்:

‘திறனின்மை’ என்று அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரரிடம் நான் போய்ச் சொல்ல மாட்டேன். ‘துடிப்பேறாமை’?

புலவர்:

செரியாமை போல. நன்று.

இதய மருத்துவர்:

நன்று.

ஈழத்திலிருந்து ஒருவர்:

நல்லாயிருக்கு.

மொழிபெயர்ப்பாளர்:

வாயில் நுழையாத சொல் நாலே மடலில் முடிந்தது. ‘டார்கெட்’ என்ற சின்னச் சொல்லுக்கு மூன்று நாள்!

வியாழன் இரவு ஆகிவிட்டது. இதுவரை வந்தவற்றை எண்ணினேன். ‘இலக்குத் துடிப்பு’க்கு நாலு பேர், அதில் இருவர் “ஏதோ ஒன்று போடுங்கள்” என்று தனிமடலில் சொன்னவர்கள். ‘பயிற்சித் துடிப்பு’க்கு மூன்று. ‘எட்டுதுடிப்பு’க்குப் புலவர் ஐயா. ‘நெஞ்சாங்குலை’க்கு அதன் உரிமையாளர். எனக்கு மனசு பயிற்சியாளர் பக்கம்தான். ஆனால் நாளிதழ்களிலும் செயலிகளிலும் ‘இலக்கு’ ஏற்கெனவே புழங்குகிறது. வேறு சொல்லைப் போட்டால் இரண்டும் வேறு என்று நினைத்துவிடுவார்கள். ‘இலக்குத் துடிப்பு’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் கீழே இப்படிச் சேர்த்திருக்கிறேன்:

“இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கே இருந்தாலும் போதும். மேல் எண்ணைத் துரத்த வேண்டாம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் எண்ணை விட்டுவிட்டு மூச்சைப் பாருங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எண் ஏறவில்லை என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மார்பு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள்.”

இதய மருத்துவர்:

இது போதும். இடம் இருந்தால் போர்க் (Borg) என்பவரின் அளவுகோலையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: 6-லிருந்து 20 வரை, உழைப்பு எப்படித் தெரிகிறது என்று அவர்களே சொல்லும் எண். 13 என்றால் ‘ஓரளவு கடினம்’. இடம் இல்லையென்றால் விடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

இடம் இல்லை டாக்டர்.

பயிற்சியாளர்:

அக்கா, உங்கள் முடிவு புரிகிறது. அந்தக் குறிப்புக்கு நன்றி. ஆனால் கையேடு என் கைக்கு வந்ததும் ‘இலக்கு’ வரும் ஆறு இடத்திலும் பேனாவால் அடித்துப் ‘பயிற்சி’ என்று எழுதித்தான் கொடுப்பேன். நாற்பது பிரதி வரும். ஒரு மாலை வேலை.

புலவர்:

அடித்து எழுதும்போது ஏற்கெனவே இருக்கும் ‘த்’தை அடித்துவிடாதீர்கள். பயிற்சிக்குப் பின்னும் அது வேண்டும்.

வேர்ச்சொல் ஆர்வலர்:

மாரடைப்பு என்கிறோம், இதய அடைப்பு என்று எவரும் நோயைச் சொல்வதில்லை. அப்படியானால் ‘மார்த்துடிப்பு’ என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? புதிய இழை தொடங்குகிறேன்.