பூனைக்காலி விதையை எத்தனை தண்ணியில் வேகவைக்கணும்?

வேலிக்காடு, அழகர்கோவில்:
வேலியில் பூனைக்காலி காய்ச்சு நெத்தாகிக் கிடக்கு. மலைவாழ் பளியர்கள் இதைச் சாப்பிடுறது தெரியும். காய் மேல இருக்கிற அரிக்கிற முடியை, அதான் சுணையை, எப்படிப் போக்குறது? குக்கரில் நாலு விசில் விட்டால் போதுமா?

சிறுமலையான்:
குக்கர் போதாதுண்ணே. விதையில் எல்-டோப்பா இருக்கு. பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகிற பொருள்தான், ஆனா சாப்பாட்டில் அதிகமானால் வாந்தி, புத்தித் தடுமாற்றம் வரும். எடையில் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம். சூட்டுக்கு அவ்வளவா மசியாது, தண்ணியில் கரைஞ்சுதான் வெளியேறணும். குக்கருக்குள்ள அதே தண்ணியில் கிடந்தால் எங்கே போகும்? பளியர்கள் ஏழு தடவை தண்ணி மாத்தி வடிக்கிறது அதுக்குத்தான்.

முதலில் சுணை. முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. காத்து உங்க முதுகுப் பக்கமிருந்து அடிக்கணும். கொடியை உலுக்காம இடுக்கியால் பறிச்சு, தீயில் வாட்டினால் சுணை கருகிடும். மேலே ஒட்டிக்கிட்டா தேய்க்கவே கூடாது, உள்ளே ஏறும். செல்லோ டேப்பை ஒட்டி உரிச்சு எடுங்க.

முழு விதையை ஊறப்போட்டுப் பிரயோசனமில்லை, தோல் தண்ணியை லேசில் விடாது. அம்மியில் தட்டி நாலஞ்சு துண்டாக்குங்க. ஒரு படிக்குப் பத்துப் படி தண்ணி, 24 மணி நேரம், இடையில் மூணு தடவை மாத்தணும். பிறகு தோலைக் கசக்கிக் களைஞ்சுட்டு, திறந்த பாத்திரத்தில் 20 நிமிஷம் கொதிக்கவிட்டு வடிங்க. இப்படி ஏழு தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணி. வடிச்சதை ரசம் வைக்கவும் வேண்டாம், மாட்டுத் தொட்டியில் ஊத்தவும் வேண்டாம்.

வேலிக்காடு:
வடிக்கிற தண்ணி தெளிஞ்சு வந்தால் நிறுத்திடலாமா?

கீழமாசி மருந்துக்கடை:
நிறத்தை நம்பாதீங்க. எல்-டோப்பா காத்துபட்டுத்தான் கறுக்கும். தெளிவா இருக்கிற தண்ணியிலும் இருக்கலாம். ஊறவைக்கிறப்ப லிட்டருக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா உப்பு போட்டால் சீக்கிரம் சிதையும். வெறும் வறுவல் மட்டும் போதாது.

1989-ல் மொசாம்பிக்கில் வறட்சிக் காலத்தில், கொதிக்கவச்ச தண்ணியைக் கொட்டாம பயன்படுத்தினதால் பலருக்குப் புத்தி பேதலிச்சது. வாந்தி, படபடப்பு, உளறல் வந்தால் மீதி விதையையும் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பார்க்கின்சன் மாத்திரை, மனநோய் மாத்திரை சாப்பிடுறவங்க, கர்ப்பிணிகள், பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

கடையில் விக்கிற பூனைக்காலிப் பொடி மருந்து. அதில் எல்-டோப்பா இருக்கணும்னுதான் செய்றாங்க, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீங்க.

சிறுமலையான்:
பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சுணையில்லாத ரகத்திலும் எல்-டோப்பா குறைஞ்சிடாது. அதுக்கும் இதே ஏழு தண்ணிதான். இந்தப் பக்குவத்தை நம்பிக் குன்றிமணியில் கைவைக்காதீங்க. அது வேற விஷம்.