துணுக்குப் பெருக்கமா, கோத்துப்பெருக்கலா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

தேவகோட்டை ஐயா எழுதியது:

> நைந்துபோன டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறைக்குத் 'துணுக்குப் பெருக்கம்' என்று வைக்கலாமே. எளிது, யாருக்கும் விளங்கும்.

எளிதுதான் ஐயா. ஆனால் துணுக்குகள் பெருகிப்போவது, அதாவது இன்னும் நொறுங்குவது என்றும் அதைப் படிக்கலாம். செய்கிற வேலைக்கு அது நேர் எதிர்.

ஒரு மனித உயிரணுவில் இருக்கும் டி.என்.ஏ. ஏறத்தாழ 6 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் பிக்கோகிராம். இவ்வளவு சொற்பத்தை வைத்து மரபணுத்தொகை (ஜீனோம்) ஆய்வு செய்வது கடினம். படியெடுத்துப் பெருக்கத்தான் வேண்டும். அதற்குப் பேர்போன, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி ஃபை29 பாலிமரேஸ். பி.சி.ஆர். என்ற வழக்கமான பெருக்கு முறையைப் போல மாறிமாறிச் சூடாக்கிக் குளிரவைக்கத் தேவையில்லை. 30 டிகிரி செல்சியஸிலேயே, பிடித்த இழையை விடாமல் பல்லாயிரம் காரங்கள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) வரை படியெடுத்துக்கொண்டே போகும். ஆனால் போவதற்கு நீளம் வேண்டுமே! ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்து வைத்த புற்றுநோய்த் திசுவிலும், மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த எலும்பிலும் மிஞ்சும் துணுக்குகளின் நீளம் பெரும்பாலும் சில நூறு காரங்கள், அல்லது அதற்கும் குறைவு. நொதி ஏறிய உடனே முனை வந்துவிடுகிறது.

அதனால் முதலில் பிசிறடித்த முனைகளைச் செப்பனிடுகிறார்கள். லிகேஸ் நொதியால் துணுக்குகளை ஒன்றோடொன்று கோத்து நீள இழையாக்கிய பிறகே ஃபை29 உள்ளே வருகிறது. (தெரிந்த வரிசையுள்ள சிறு துண்டை இரு முனையிலும் ஒட்டி, பி.சி.ஆரில் பெருக்குவதும் உண்டு. அது தனி முறை, அதை இதோடு குழப்ப வேண்டாம்.)

என் பரிந்துரை: கோத்துப்பெருக்கல்.

'கோத்து' என்ற பகுதியை விட்டுவிடவே கூடாது என்பேன். நம் வீட்டுக் கழுத்திருவில் (செட்டிநாட்டுத் திருமணக் கழுத்தணியில்) எந்த உரு எங்கே வரவேண்டும் என்று முறை இருக்கிறது. லிகேஸுக்கு அந்த முறை கிடையாது. 3-ஆம் குரோமோசோம் துணுக்கு 17-ஆம் குரோமோசோம் துணுக்கோடு போய் ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ.வின் எழுத்துவரிசையைப் படித்துப் பார்ப்பவர் அதைப் புற்றுநோயில் நடக்கும் உண்மையான குரோமோசோம் இடமாற்றம் என்று எடுத்துக்கொண்டால் முடிவே தப்பாகிவிடும். தமிழில் அறிக்கை படிக்கும் மாணவருக்கு, இந்த ஒட்டுகள் நாம் போட்டவை என்பது பெயரிலேயே தெரிந்துவிட வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி கேட்டிருந்தார்கள்:

> சில்லுப் பெருக்கல் என்று வைத்தால் என்ன? கோர்த்து என்றுதானே எழுதுகிறோம்?

'டி.என்.ஏ. சில்லு' என்பது ஏற்கெனவே வேறொரு கருவிக்குப் புழக்கத்தில் இருக்கிறது ஆச்சி. ஒரே ஆய்வுக்கூடத்தில் இரண்டும் இருந்தால் திண்டாட்டம். அடுத்தது, வினையடி 'கோ'. பூத்தது, காத்தது போலக் கோத்தது. பேச்சில் ரகரம் நுழைந்துவிட்டது, கலைச்சொல்லில் வேண்டாமே. 'ஒட்டுப்பெருக்கல்' என்பதையும் யோசித்தேன். வேளாண்மையில் ஒட்டு என்றாலே ஒட்டுமாங்கன்றுதான் நினைவுக்கு வரும்.

இன்னொரு சொல்லும் வேண்டும். முறை தவறிச் சேர்ந்த அந்த இணைப்புகளைப் 'பொய்யிணைவு' என்று சொல்லலாமா? 'போலியிணைவு' என்றால் வேண்டுமென்றே ஏமாற்றியது போல ஒலிக்கிறது. ஐயாவும் ஆச்சியும் சொல்லுங்கள், இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து