டீசல் வேனுக்கு எந்த இன்ஜின் ஆயில்? 5டபிள்யூ-30ஆ, 15டபிள்யூ-40ஆ? கொஞ்சம் அவசரம்

வேன்ஓட்டி:
வணக்கம். என் டீசல் வேனுக்கு ஆயில் மாற்ற வேண்டும். நாளைக் காலையில் வண்டி வேலைக்குப் போயாக வேண்டும், அதனால் ஆயிலை இன்றே வாங்கிவிட வேண்டும். கடையில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 மூன்றும் இருக்கின்றன. எல்லா கேனிலும் டீசலுக்கு ஏற்றது என்றுதான் போட்டிருக்கிறது. 5டபிள்யூ-30 என்று எழுதிய இரண்டு கேன்களைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் போட்டிருக்கும் எழுத்துகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எது நல்லது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கிரீஸ்கை:
எந்த வருட வண்டி? எத்தனை லிட்டர் இன்ஜின்? டர்போ உண்டுதானே? கையேட்டில் என்ன போட்டிருக்கிறது?

பழையடீசல்:
15டபிள்யூ-40 ஊற்றுங்கள் தம்பி. சுமை இழுக்கிற வண்டிக்குக் கெட்டியான ஆயில்தான் சரி. நான் லாரி ஓட்டிய காலத்திலிருந்து அதைத்தான் ஊற்றுகிறேன், ஆயிலால் ஒரு இன்ஜினும் கெட்டதில்லை. 5டபிள்யூ-30 எல்லாம் தண்ணீர் மாதிரி.

நட்டுபோல்ட்:
டிபிஎஃப் இருக்கிறதா, இல்லையா? அதாவது புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர், சைலன்சர் வரிசையில் இருக்கும். இது தெரியாமல் ஆயில் சொல்வது சரியில்லை. பழையடீசல் ஐயா, நீங்கள் சொன்ன லாரிகளில் அது இருந்திருக்காது.

மேட்டுப்பாதை:
எந்த ஆயில் போட்டாலும் சரி, முதலில் ஃபிளஷ், அதாவது இன்ஜினை உள்ளே கழுவும் திரவம், ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு இறக்குங்கள். உள்ளே கசடு இருந்தால் புது ஆயிலும் வீண்தான். நான் ஒவ்வொரு தடவையும் செய்கிறேன்.

சிவப்புஸ்பேனர்:
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் இன்ஜின் விவரம் இல்லாமல்தான் வருகிறது. கடைக்குப் போகும் முன் கையேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்திருந்தால் இந்த இழையே வேண்டாம். சரி, அடிப்படையிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

5டபிள்யூ-30 என்பது ஆயிலின் பிசுபிசுப்பை மட்டும்தான் சொல்கிறது. 5டபிள்யூ என்றால் குளிரில் இன்ஜினைச் சுற்றவிடுகிறதா என்று மைனஸ் 30 டிகிரியில் சோதித்தது. 30 என்றால் 100 டிகிரியில் பிசுபிசுப்பு 9.3க்கும் 12.5க்கும் இடையில் இருக்கிறது. உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது. அதைச் சொல்வது பின்பக்கம் உள்ள ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம்) வகை எழுத்துகளும் வண்டி கம்பெனியின் ஒப்புதல் எண்ணும்தான். உங்களுக்குச் சம்பந்தமில்லாமல் தெரிந்த எழுத்துகள் அவைதான்.

ஏ3/பி4 என்று போட்ட ஆயிலில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் 1.0 முதல் 1.6 சதவீதம் வரை இருக்கலாம். சி3 என்று போட்டதில் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இரண்டுமே 5டபிள்யூ-30 ஆக இருக்க முடியும். டிபிஎஃப் உள்ள வண்டிக்கு இதுதான் பெரிய வித்தியாசம். புகைக்கரி எரிந்து போய்விடும். ஆயிலில் உள்ள கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் விட்டுச் செல்லும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது. அது ஃபில்டருக்குள்ளேயே தங்கி நாளாக நாளாக இடத்தை அடைத்துக்கொண்டே போகும்.

இரவுச்சவாரி:
சிவப்புஸ்பேனர் சொன்னது சரி, ஆனால் கேட்பவரிடம் அவர் கொஞ்சம் பொறுமை காட்டலாம். வேலைக்கு வண்டி வேண்டும் என்று ஒருவர் தவிக்கிறார்.

வேன்ஓட்டி அண்ணா, இன்னொன்றும் பாருங்கள். சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். அந்த வகையாக இருந்தால் தவறான ஆயில் பெல்ட்டின் ரப்பரை ஊறவைத்து உதிர்க்கும். அந்தத் துகள்கள் சம்பில், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், இருக்கும் சல்லடையை அடைத்துவிட்டால் பம்ப் ஆயிலை இழுக்க முடியாது. உங்களுடையது பெல்ட்டா, செயினா?

பழையடீசல்:
நட்டுபோல்ட் தம்பி, எனக்கும் டிபிஎஃப் தெரியும். ஆனால் வெயிலில், மலையேற்றத்தில், முழுச் சுமையோடு போகும்போது பேரிங்குக்கு நடுவில் நிற்க வேண்டியது ஆயில்தான். மெல்லிய ஆயில் போட்டால் அந்தப் படலம் கிழியும். சாம்பல் ஃபில்டரை மாற்றிக்கொள்ளலாம், கிராங்கை மாற்ற முடியுமா?

நட்டுபோல்ட்:
ஐயா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் பதில் 30, 40 என்ற எண்ணில் இல்லை. பேரிங்குக்குள் ஆயில் 100 டிகிரியில் அமைதியாக உட்கார்ந்திருப்பதில்லை, கடும் வேகத்தில் நசுங்குகிறது. அதற்கென்றே 150 டிகிரியில் ஒரு சோதனை உண்டு, எச்டிஎச்எஸ் என்பார்கள். சி3 என்று போட வேண்டுமானால் அந்த அளவு குறைந்தது 3.5 இருந்தாக வேண்டும். 5டபிள்யூ-40க்குத் தரநிலைப்படி கேட்கும் குறைந்தபட்சமும் அதே 3.5தான். 15டபிள்யூ-40க்கு 3.7. ஆக சி3 வகை 5டபிள்யூ-30 ஒன்றும் தண்ணீர் இல்லை.

மெல்லியது வேண்டுமானால் சி2 இருக்கிறது, அதில் 2.9 இருந்தால் போதும். சி5 இன்னும் மெல்லியது, 2.6 முதல் 2.9க்குள். அவற்றுக்கென்று வடிவமைத்த இன்ஜின்கள் இருக்கின்றன. அவற்றில் கெட்டி ஆயிலும் தவறு, சி3 கேட்கும் இன்ஜினில் சி5 ஊற்றுவதும் தவறு.

கிரீஸ்கை:
15டபிள்யூ-40 எல்லாமே சாம்பல் அதிகம் என்றும் சொல்லிவிட முடியாது. ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) தரத்தில் சிகே-4 என்று 2016 டிசம்பரில் வந்த வகை டிபிஎஃப் உள்ள லாரிகளுக்காகத்தான் வந்தது. அதில் சாம்பல் 1.0 சதவீதத்துக்குள். ஆனாலும் சி3யின் 0.8ஐ விட அதிகம், அதனால் வேனுக்கு அதைக் கையேடு கேட்டால் மட்டுமே.

பழையடீசல்:
சாம்பலைக் குறைத்தால் அமிலத்தைக் கொல்லும் மருந்தும் குறைகிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? டீசலில் கந்தகம் இருந்தால் எரியும்போது அமிலம் உண்டாகும். சி3யில் டிபிஎன், அதாவது அந்த மருந்தின் அளவு, 6 இருந்தாலே போதும் என்கிறார்கள், ஏ3/பி4 என்றால் குறைந்தது 10 வேண்டும். மருந்து தீர்ந்த பிறகு பேரிங் உலோகம் அரிக்கும்.

நட்டுபோல்ட்:
இது உண்மை, மறுக்கவில்லை. கந்தகம் அதிகமுள்ள டீசல் மட்டும் கிடைக்கும் இடத்தில் சாம்பல் குறைந்த ஆயிலை நீண்ட கிலோமீட்டர் ஓட்டக்கூடாது, சீக்கிரம் மாற்ற வேண்டும். ஆனால் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) மட்டுமே உள்ள டீசல் கிடைக்கும் இடத்தில் அந்த 6 போதும். டிபிஎஃப் உள்ள வண்டிகள் அந்த டீசலை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டவை. உங்கள் அனுபவம் கந்தகம் நிறைய இருந்த காலத்து அனுபவம் ஐயா. அப்போது அது சரியாகவே இருந்தது.

மேட்டுப்பாதை:
ஃபிளஷ் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?

சிவப்புஸ்பேனர்:
தேவையில்லாத இடத்தில் செய்வதால் சொல்லவில்லை. ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்ஜினில் கசடு இருக்காது. பல வருடம் கவனிக்காத இன்ஜினில் ஃபிளஷ் ஊற்றினால் ஒட்டியிருந்த கட்டிகள் ஒரே நேரத்தில் பெயர்ந்து சல்லடையில் போய் உட்காரும். ஆயிலுக்குள் பெல்ட் ஓடும் இன்ஜினில் இதை யோசிக்கவே வேண்டாம். டீசலில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், அதைப் பார்த்துக் கசடு என்று பயந்து ஃபிளஷ் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

வேன்ஓட்டி:
எல்லோருக்கும் நன்றி. கையேடு வண்டியிலேயே இருந்தது. 2018 வண்டி, 2.2 லிட்டர், டர்போ, யூரோ 6. டிபிஎஃப் இருக்கிறது. டைமிங் செயின். கையேட்டில் 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 என்று இருக்கிறது, கீழே கம்பெனி எண் ஒன்றும் போட்டிருக்கிறது. ஒரு கேனில் ஏ3/பி4, இன்னொன்றில் சி3. அப்படியானால் சி3 வாங்கிவிடுகிறேன்.

இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, ஆயிலே குடிப்பதில்லை. போன தடவை ஊற்றியதை விடக் குச்சியில் அளவு கொஞ்சம் மேலேதான் நிற்கிறது, மேல் கோட்டையும் தாண்டி. டெலிவரி வேலை, ஊருக்குள்ளேயே நின்று நின்று போவது.

சிவப்புஸ்பேனர்:
நில்லுங்கள். ஆயில் எது என்பதை விட இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஆயில் தானாக ஏறாது. ஏறியிருந்தால் வேறு ஏதோ உள்ளே கலந்திருக்கிறது, உங்கள் ஓட்டத்துக்கு அது பெரும்பாலும் டீசல்தான்.

டிபிஎஃப் நிறைந்ததும் வண்டி அதைச் சூடாக்கி, ஏறக்குறைய 600 டிகிரிக்குக் கொண்டுபோய்க் கரியை எரிக்கும், இதைத்தான் ரீஜென் என்பார்கள். அந்தச் சூட்டுக்காகப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் தாமதமாகக் கூடுதல் டீசல் அடிக்கும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு, ரிங் வழியாகச் சம்புக்குள் இறங்கும். ரீஜென் முழுதாக முடிந்தால் பாதகமில்லை. பாதியில் வண்டியை நிறுத்தினால் அடுத்த தடவை திரும்ப முதலிலிருந்து, திரும்பவும் டீசல் இறங்கும். நின்று நின்று போகும் டெலிவரி வண்டிக்கு இதுதான் நடக்கிறது.

டீசல் கலந்த ஆயில் மெலிந்துவிடும், நீங்கள் தேடித் தேடி வாங்கும் 3.5 அப்போது எங்கே இருக்கும்? அளவு மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். ஆயில் மூச்சுக்குழாய் வழியாக இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குப் போனால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் அந்த ஆயிலிலேயே இன்ஜின் ஓடக்கூடும். நாளைக் காலை அப்படியே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இரவுச்சவாரி:
குச்சியை முகர்ந்து பாருங்கள் அண்ணா, டீசல் வாடை தெரியலாம். கூலன்ட் டேங்கையும் பாருங்கள், அது குறைந்திருந்தால் கலந்தது தண்ணீர், அது வேறு நோய். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சிறிது நேரம் கழித்துத்தான் குச்சியைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அளவு தவறாகக் காட்டும்.

கிரீஸ்கை:
இன்ஜெக்டர் ஒழுகினாலும் ஆயில் ஏறும், அதையும் மறக்க வேண்டாம். ஆயில் மாற்றுவதோடு விட்டுவிடாமல் ஸ்கேனர் போட்டு ரீஜென் எங்கே தடைப்படுகிறது என்று பாருங்கள். அடிக்கடி வருகிறதா, வந்தும் முடியாமல் நிற்கிறதா என்பது அதில் தெரியும்.

பழையடீசல்:
இந்தத் தொல்லையெல்லாம் பழைய இன்ஜினில் கிடையாது. ஆனால் சிவப்புஸ்பேனர் சொல்வதுதான் சரி தம்பி, ஏறிய ஆயிலோடு ஓட்ட வேண்டாம். முழுதாக இறக்கிவிட்டு, ஃபில்டரையும் மாற்றுங்கள்.

நட்டுபோல்ட்:
வாங்கும்போது இன்னொரு விஷயம். சி3 என்று இருந்தால் மட்டும் போதாது, கையேட்டில் இருக்கும் கம்பெனி எண்ணும் கேனில் இருக்க வேண்டும். மெர்சிடிஸ் என்றால் 229.51, ஃபோக்ஸ்வாகன் என்றால் 507.00 என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று உண்டு. கம்பெனி சோதித்து ஒப்புதல் கொடுத்தது என்று எழுதியிருப்பதும், இந்த எண்ணுக்குப் பொருத்தமானது என்று ஆயில் தயாரிப்பவரே எழுதிக்கொள்வதும் ஒன்றில்லை. முதலாவதையே எடுங்கள்.

வேன்ஓட்டி:
டீசல் வாடை நன்றாகவே அடிக்கிறது. கூலன்ட் சரியாக இருக்கிறது. நாளைக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துவிட்டேன். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வருகிறேன்.

இரவுச்சவாரி:
நல்ல முடிவு அண்ணா. என்ன ஆனது என்று எழுதுங்கள்.

மேட்டுப்பாதை:
டீசல் கலந்திருந்தால் அதுவே ஃபிளஷ் மாதிரிதானே, உள்ளே கழுவியிருக்கும்?

கிரீஸ்கை:
கழுவுவது வேறு, ஓடும்போது பேரிங்குக்கு ஆயில் இல்லாமல் ஆக்குவது வேறு. இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

வேன்ஓட்டி:
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். டிபிஎஃப்பின் அழுத்த சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல். அளவு தவறாகப் போய் ரீஜென் அடிக்கடி ஆரம்பித்திருக்கிறது. குழாய் மாற்றியாயிற்று. கம்பெனி எண்ணோடு சி3 ஊற்றி, ஃபில்டரும் மாற்றியாயிற்று. இப்போது அளவு ஏறவில்லை. எல்லோருக்கும் நன்றி.

சிவப்புஸ்பேனர்:
ஆயில் மாற்றியதை வண்டியின் கம்ப்யூட்டரில் ரீசெட் செய்தார்களா? ஆயிலில் எவ்வளவு டீசல் கலந்திருக்கும் என்று பல வண்டிகள் உள்ளுக்குள் கணக்கு வைக்கும். ரீசெட் செய்யாவிட்டால் பழைய கணக்கிலேயே தொடர்ந்து, நல்ல ஆயிலுக்கும் மாற்றச் சொல்லி விளக்கு எரியும். மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.