விளையாட்டுப் பார்க்குகளில காசு குடுத்து லைன் தாண்டிப் போனனீங்களோ? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கனகராயன்குளத்தான்:

போன வருசம் ஆவணியில பாரிசுக்கு அக்கா வீட்டை போயிருந்தனான். ஒரு நாள் டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. கனபேர் போயிருப்பியள், அதால இடத்தைப் பற்றி எழுதேல்லை. பிக் தண்டர் மவுண்டன் எண்ட ரெயில் றைட்டுக்கு லைன் 75 நிமிசம் எண்டு போட்டிருந்தது. நான்தான் சொன்னனான், "ஒருக்காத்தானே அக்கா வந்தனாங்கள், லைன் தாண்டுற பிரீமியர் அக்சஸ் பாஸ் எடுப்பம்" எண்டு. அக்கா, நான், மருமகன், சின்ன மருமகள் நாலு பேருக்கும் அக்காட போனிலயே எடுத்தாச்சு. பக்கத்தில நிண்ட சனத்தைத் தாண்டி விறுவிறெண்டு போறம். அங்க அளவுத்தடி.

1 மீற்றர் 2 சென்ரிமீற்றர் வேணும். சின்னவள் தடிக்குக் கீழ போய் நிண்டாள். தலைக்கும் தடிக்கும் நடுவில ஒரு விரல் போகும். எங்களைப் பாக்கேல்லை. தடியை அண்ணாந்து பாத்துக்கொண்டு குதிக்காலை மெல்ல மெல்ல உயர்த்தினாள். அதில வேலைக்கு நிண்ட பெட்டை கண்டிட்டுது. குந்தி இருந்து, பிள்ளையின்ர சப்பாத்தைத் தொட்டு, பதனமாக் கீழ வைச்சுது.

அந்தப் பெட்டையில ஒரு பிழையும் இல்லை. அளவு எல்லா இடமும் எழுதிக் கிடக்கு, நான்தான் பாக்கேல்லை. காசு போனது போகட்டும். அக்காவும் மருமகனும் ஏறிச்சினம், நான் சின்னவளோட வெளிய நிண்டனான். மேல ரெயில் சத்தம் கேக்கிற நேரமெல்லாம் "மாமா, உதில அண்ணாவோ?" எண்டு கேட்டாள். இப்பவும் அந்தக் குதிக்கால்தான் கண்ணுக்க நிக்குது.

இந்த லீவுக்கு அக்காவையள் திரும்பப் போகினம். பாஸ் எடுக்கிறதோ விடுறதோ எண்டு என்னட்டைக் கேக்கிறா. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மல்லாவி அக்கா:

தம்பி, அங்க பேபி சுவிச் எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு. ஒரு பெரியாள் பிள்ளையோட வெளிய நிக்க மற்றாள் போய் வரலாம், பிறகு நிண்ட ஆள் திரும்ப லைனில நிக்காமல் போகலாம். வாசலில வேலை செய்யிற ஆக்களிட்டை முதலே கேக்க வேணும். அக்காட்டைச் சொல்லிவிடுங்கோ.

எங்கட கதை ரொறன்ரோவில. கனடாஸ் வொண்டர்லாண்டுக்கு அண்ணா ஆறு பேருக்கும் பாஸ்ற் லேன் எடுத்தவர். கையில பட்டி கட்டி விட்டவை. காலமை வெய்யில். நாங்கள் முதல் சின்னப் பிள்ளையளின்ர பக்கம் போய், சாப்பிட்டு, படம் எடுத்து, பெரிய றைட்டுகளை மத்தியானத்துக்கு எண்டு வைச்சிருந்தம். மத்தியானம் மின்னல் வந்திட்டுது. மின்னல் எண்டால் உயரமான கோஸ்ரர்களை ஓட விடமாட்டினம், அது பாதுகாப்புக்கு. லெவியதான் 93 மீற்றர் உயரம், ஆர் ஓட விடுவினம்?

ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல நிண்டம். அண்ணா ஒண்டும் கதைக்கேல்லை. கையில இருந்த பட்டியை மற்றக் கைவிரலால சுத்திக்கொண்டே நிண்டார். ஐஞ்சாம் மாசத்தில இருந்து ஓவர்ரைம் செய்து சேர்த்த காசு எண்டு அண்ணி பிறகுதான் சொன்னவ. எனக்கு அண்டைக்கே தெரிஞ்சிருந்தால் வேண்டாம் எண்டிருப்பன். பாஸ் கையில இருக்குது எண்டு பெரிய றைட்டைப் பின்னுக்கு வைக்காதேங்கோ. பெரிசு முதல். மழை கேட்டுக்கொண்டு வராது.

ஒட்டுசுட்டான் விவசாயி:

எனக்கு இந்தப் பாஸ் கதையே பிடிக்கேல்லை. பிழையா நினைக்காதேங்கோ.

வெளிநாட்டில ஒரு பார்க். பேர் வேண்டாம். நானும் மனிசியும் மகனும். மகனுக்கு அப்ப 9 வயசு. எங்களிட்டை இருந்த காசுக்கு உள்ளுக்குப் போற ரிக்கெற் மட்டும்தான். 80 நிமிச லைன். கடைசியில ரெண்டு லைனும் ஒண்டாச் சேருற ஒரு இடம் இருக்கு. அதில நிண்டவர் பாஸ் ஆக்களைப் பத்துப் பேர் பன்னிரண்டு பேரா விட்டிட்டு எங்கட பக்கத்தில ரெண்டு பேரை விடுறார். நாங்கள் முன்னுக்கு வந்த நேரம் திரும்பவும் கயிறைப் போட்டார். மகன் கேட்டான், "அப்பா, அவையள் இப்பதானே வந்தவை?"

என்னட்டை மறுமொழி இல்லை. அவை கூடக் காசு குடுத்தவை எண்டு சொல்ல வாய் வரேல்லை. "கொஞ்சம் பொறடா" எண்டனான். இண்டைக்கு வரைக்கும் அதுக்கு மறுமொழி சொல்லேல்லை.

2022 இல ஊரில எரிபொருள் தட்டுப்பாடு, டீசலுக்கு ரெண்டு இரவு கானோட றோட்டில படுத்தனாங்கள். நெல்லு வயலில. ஆனியில இருந்த கோவம் எனக்குத்தான் தெரியும். பிறகு ஆடியில எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்து, வாகனத்துக்கு இவ்வளவு லீற்றர் எண்டு அளந்து குடுத்தவை. காணாதுதான். ஆனாலும் முன்னுக்கு நிண்டவருக்கும் அதே அளவு, பின்னுக்கு நிண்ட எனக்கும் அதே அளவு எண்டதில மனசு ஆறினது. லைன் எண்டால் அப்பிடி இருக்க வேணும். விளையாட்டிடத்தில பிள்ளையளுக்குக் காசின்ர வித்தியாசத்தைக் காட்டுறது எனக்கு ஒப்பில்லை.

குருமன்காடு:

ஒட்டுசுட்டான் அண்ணை, உங்கட மனவருத்தம் விளங்குது. ஆனால் டீசல் வேற, இது வேற. டீசல் இல்லாட்டி நெல்லு அழிஞ்சு போகும். றைட் ஏறாட்டி ஒண்டும் அழியாது. அதோட லைனில நிக்க ஏலாத ஆக்களும் இருக்கினம். முழங்கால் வருத்தக்காரர், கைக்குழந்தை வைச்சிருக்கிற ஆக்கள். விசாவுக்கு அலைஞ்சு ஒரே ஒரு நாள் கிடைச்சுப் போற எங்கட சனத்துக்கு நேரமும் காசுதான்.

நான் சிங்கப்பூரில ஆறு வருசம் வேலை செய்தனான். செந்தோசாவில இருக்கிற யூனிவேர்சல் ஸ்ரூடியோசுக்கு ஊரில இருந்து வந்த ஆக்களை எத்தினையோ தரம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறன். அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

எக்ஸ்பிரஸ் பாஸ் எண்டது உள்ளுக்குப் போற ரிக்கெற் இல்லை. ரெண்டும் வேற வேற, ரெண்டும் வேணும். எங்கட ஆக்கள் பாஸை மட்டும் வாங்கிக்கொண்டு வாசலில வந்து நிண்டதை நான் கண்ணால கண்டனான். அடுத்தது, சாதாரண எக்ஸ்பிரஸ் ஒரு றைட்டுக்கு ஒருதரம்தான். அன்லிமிரெட் எண்டால் எத்தினை தரமும். பிள்ளையள் ஒரே றைட்டைத் திரும்பத் திரும்பக் கேக்கிற வயசு இல்லாட்டி அன்லிமிரெட் தேவையில்லை. எல்லா றைட்டிலயும் செல்லாது, பட்டியலைப் பாத்திட்டு வாங்குங்கோ. விலை நாளுக்கு நாள் மாறும். மார்கழியிலயும் ஆனியிலயும் அங்க பள்ளிக்கூட லீவு, அப்ப சனமும் கூட, விலையும் கூட. கிழமை நாளில, லீவில்லாத மாசத்தில போனால் பாஸ் வாங்கின காசு வீண். கதவு திறக்க முதலே போய் நிண்டு, திறந்த உடன நேரா ட்ரான்ஸ்போமர்ஸ் றைட்டுக்கு நடவுங்கோ. முதல் ஒரு மணித்தியாலத்துக்கு லைன் குறைவு, அப்ப பாஸைப் பாவிக்காதேங்கோ. பதினொரு மணிக்குப் பிறகுதான் அதுக்கு வேலை. எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துக்கு முதலே சாப்பிட்டு முடியுங்கோ. மத்தியான வெய்யிலுக்கு உள்ளுக்க நடக்கிற காட்சிகளைப் பாருங்கோ.

காசில்லாத வழியும் இருக்கு, அதை ஆரும் சொல்லிறேல்லை. தனியாள் லைன். ட்ரான்ஸ்போமர்ஸ், மம்மி, பற்றில்ஸ்ரார் எண்ட மூண்டு றைட்டிலயும் இருக்கு. மிச்சமா இருக்கிற ஒற்றைச் சீற்றுக்கு உங்களை ஏத்துவினம். குடும்பமா ஒண்டா இருக்க ஏலாது, அவ்வளவுதான்.

அதிலதான் என்ர கதையும். மச்சானின்ர மகன், 12 வயசு, ஊரில ஆரோடையும் கதைக்காத பிள்ளை. தனியாள் லைனில மம்மிக்கு விட்டிட்டு, உள்ளுக்குப் பயந்து போயிருப்பானோ எண்டு எனக்கு நெஞ்சு அடிக்குது. வெளிய வரேக்க, பக்கத்தில இருந்து வந்த ஒரு கிழவரோட கையால காட்டிக் காட்டிக் கதைச்சுக்கொண்டு வாறான். பாசை ஒண்டும் தெரியாது ரெண்டு பேருக்கும். நாங்கள் கூப்பிட்டும் திரும்பேல்லை.

இன்னொண்டு. போனுக்கு பவர்பாங்க் கொண்டு போங்கோ. இப்ப கனக்க இடத்தில பாஸ் போனுக்கதான். சார்ச் போச்செண்டால் பாஸும் போச்சு.

நெடுங்கேணி:

எல்லா இடமும் காசில்லை. சுவிசில இருக்கிற தம்பியோட ஜேர்மனியில யூரோப்பா பார்க்குக்குப் போனனான். அங்க வேர்ச்சுவல் லைன் எண்டு ஆப்பில நேரம் எடுக்கலாம், காசு இல்லை. சில றைட்டுகளுக்கு மட்டும். ஒண்டு முடிச்சாப்பிறகுதான் மற்றது. சில்வர் ஸ்ராரில 73 மீற்றர் மேல போய் ஒரு கணம் நிண்ட மாதிரி இருந்தது, பிறகு ஒண்டும் ஞாபகமில்லை.

விசுவமடு:

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டிருந்தனான், எழுதுறதோ விடுறதோ எண்டு.

எங்கட அம்மாவை சின்னண்ணா பாரிசுக்கு எடுத்தவர். 2023. நானும் கூடப் போனனான். டிஸ்னிலாண்டில பீற்றர் பான் றைட்டுக்கு லைன் வளைஞ்சு வளைஞ்சு நிக்குது. அம்மாவுக்கு 71 வயசு, நிக்க ஏலாது. அண்ணா போனைப் பாத்திட்டு, சந்தோசத்தில சத்தமாச் சொன்னார், "அம்மா, பாஸ் கிடைச்சிட்டுது, வாங்கோ."

அம்மா அசையேல்லை. பிறகு மெல்லிய குரலில கேட்டவ, "ஆரைப் பிணை வைச்சனீ?"

வன்னியில இருந்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சண்டைக் காலத்தில வன்னியை விட்டு வவுனியாவுக்கு ஒரு கண் ஒப்பரேசனுக்குப் போகவும் இயக்கத்தின்ர பாஸ் வேணும், பாஸுக்குப் பிணை நிக்க ஆள் வேணும். என்னைக் கண்ணுக்குக் காட்ட அம்மா பெரியண்ணாவைத்தான் பிணையா விட்டிட்டுப் போனவ. ஒரு கிழமையில வருவன் எண்டு போய் மூண்டு கிழமையாச்சு. அந்த மூண்டு கிழமையும் ஆஸ்பத்திரி வாங்கில இருந்துகொண்டு என்ர கண்ணைப் பாத்தாவோ றோட்டைப் பாத்தாவோ தெரியாது.

அண்ணா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில நிண்ட பெடியன் அண்ணாட போனைப் பிடிச்சுப் பாக்க, அம்மா ஹாண்ட்பாக்கைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டினவ. எங்கட இலங்கை அடையாள அட்டை. அந்தப் பெடியனுக்கு அது என்னெண்டு தெரியாது. அதை வாங்கி, முன்னும் பின்னும் பாத்து, மரியாதையாத் தலையைக் குனிஞ்சு திருப்பிக் குடுத்தான். அம்மாட முகத்தில அப்பதான் உயிர் வந்தது.

குருமன்காடு அண்ணை சொன்ன புத்திமதி எல்லாம் நல்லது, நான் மறுக்கேல்லை. என்ர பங்குக்கு ஒண்டு மட்டும். வயசான ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறியள் எண்டால் அவையளுக்கு முன்னால பாஸ் எண்டு சொல்லாதேங்கோ. ரிக்கெற் எண்டு சொல்லுங்கோ. எனக்கு அது முதலே தோன்றியிருக்க வேணும்.

ஒட்டுசுட்டான் விவசாயி:

தங்கச்சி, வாசிச்சு முடிச்சுக் கனநேரம் சும்மா இருந்தனான். பெரியண்ணா சுகமா இருக்கிறாரோ?

விசுவமடு:

ஓம் அண்ணை. தருமபுரத்தில கடை வைச்சிருக்கிறார். பாரிசில எடுத்த படங்களை அம்மா முதல் அவருக்குத்தான் காட்டினவ.

குருமன்காடு:

புளோரிடாவில டிஸ்னி வேர்ள்டுக்குப் போற ஆக்களுக்கும் ஒண்டு சொல்ல மறந்திட்டன். அங்க ஜீனி பிளஸ் எண்டு இருந்த பாஸுக்கு 2024 இல பேரை மாத்திப் போட்டினம், இப்ப லைற்னிங் லேன் மல்ரி பாஸ். டிஸ்னியின்ர சொந்த ஹோட்டலில நிண்டால் 7 நாளுக்கு முதலே எடுக்கலாம், வெளிய நிண்டால் 3 நாள். நல்ல நேரங்கள் முதலே முடிஞ்சிடும். சொந்தக்காரர் வீட்டில நிக்கிற எங்கட ஆக்கள் போறதுக்கு மூண்டு நாளுக்கு முதல் விடியவே எழும்பிப் போனோட இருக்க வேணும்.

கனகராயன்குளத்தான்:

எல்லாருக்கும் நன்றி. விசுவமடு அக்கா, உங்கட அம்மாவின்ர கதையை அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினனான். எங்கட அம்மாவும் இந்த முறை அவையளோட போறா. ரிக்கெற் எண்டுதான் சொல்லுறதாம்.

நேற்று அக்கா வீட்டு வாசல் நிலையில சின்னவளை நிப்பாட்டிப் பென்சிலால கோடு போட்டுப் படம் அனுப்பினவ. 1 மீற்றர் 6. பிக் தண்டருக்குக் காணும். மற்றப் பக்கத்தில இருக்கிற க்ரஷ்ஸுக்கு 1 மீற்றர் 7 வேணும், ஒரு சென்ரிமீற்றர் காணாது. அதால பிக் தண்டர் ஒண்டுக்கு மட்டும் காசு கட்டுறது எண்டு முடிவு. மல்லாவி அக்கா சொன்ன மாதிரி காலமையே, முதல் வேலையா. மற்றதெல்லாம் லைனில நிக்கிறம் எண்டு மருமகன் சொல்லிப்போட்டான்.

சின்னவள் முன் சீற்றில இருக்க வேணுமாம். பாஸில போனாலும் அதை வாசலில கேக்கலாமோ? போன ஆக்கள் ஆரும் இருந்தால் சனிக்கிழமைக்கு முதல் எழுதுங்கோ.