நம்மூட்டு குரூப்: பெர்லின் சந்தை

நவீன் (பெர்லின்): கவியக்கா, நாளைக்கு வெள்ளிக்கிழமை, மைபாஹுஃபர் சந்தைக்குப் போலாம்னு இருக்கறேன். எத்தன மணிக்குப் போனா நல்லது?

கவி (பெர்லின்): அந்தத் துருக்கிச் சந்தை செவ்வாயும் வெள்ளியும்தான். 11 மணியிலிருந்து 6.30 வரைக்கும். யூ8 ரயில்ல ஷோன்லைன்ஷ்ட்ராசே எறங்கு, கால்வாய்க் கரையோரமாவே கடை. கீரை, தழை வேணும்னா மத்தியானத்துக்குள்ள போயிரு. வெல கொறையோணும்னா 5.30-க்கு மேல. கையில சில்லறை வெச்சுக்கோ, எல்லாக் கடையிலயும் கார்டு வாங்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம சூப்பர் மார்க்கெட்டும் சாத்திருப்பாங்க, திங்கள் வரைக்கும் சேர்த்து வாங்கிரு.

ஈரோட்டு மாமா: கடைசி நேரத்துல அங்கயும் கூறு கட்டி விப்பாங்களா?

கவி: ஆமாங்க மாமா. தட்டு ஒரு யூரோன்னு சத்தம் போடுவாங்க.

ஈரோட்டு மாமா: அப்ப தட்டைத் தூக்கி அடிப்பக்கம் பாரு தம்பி. ஈரம் கசிஞ்சிருந்தா அடியில ரெண்டு தக்காளி போச்சு. அன்னைக்கே தொக்கு போடறதுன்னா வாங்கு. வெச்சுச் செலவு பண்ண ஆகாது.

கோபி பெரியம்மா: வெண்டைக்கா நுனிய ஒடிச்சுப் பாரு கண்ணு

கவி: ஒடிச்சா கத்துவாங்க பெரீம்மா 😄 பை குடுத்தா மட்டும் நாமளே பொறுக்கலாம். இல்லீன்னா கை காட்டோணும், அவங்க எடுத்துப் போடுவாங்க. அங்க வெண்டை பொடிசுதான். முழுசாக் கொழம்புல போடு, பொரியலுக்கு நறுக்கி மாளாது.

நவீன்: உருளைக்கெழங்குல என்னென்னமோ எழுதியிருக்குதேக்கா?

கவி: அதைப் படிக்காம வாங்கவே கூடாது. 'ஃபெஸ்ட்கோகெண்ட்'னா வெந்தாலும் ஒடையாது, வறுவலுக்கு அதுதான். 'மேலிஷ்கோகெண்ட்' மாவாட்டக் கொழையும், போண்டாவுக்கும் பூரிக் கெழங்குக்கும். மாத்தி வாங்கினா பூரி மசால்ல கெழங்கு தனியா தண்ணி தனியா நிக்கும். 'ஐன் ப்ஃபுண்ட்'னு கேளு, 500 கிராம் போடுவாங்க. ஆலிவ், சீஸ் கடையில மட்டும் பலகையில 100 கிராம் வெலதான் இருக்கும். கிலோவுக்குன்னு நெனச்சு அள்ளச் சொல்லிராத.

கோபி பெரியம்மா: அரிசியும்பருப்புக்குச் சின்ன வெங்காயம்?

கவி: 'ஷலோட்டன்' இருக்குதுங்க. நம்முளத விடப் பெருசு, பத்து போடற எடத்துல நாலு போதும், குறுக்க நறுக்கிக்கலாம். பச்ச மொளகா வெளிர்பச்சையா நீளமா இருந்தா காரம் கம்மி, பஜ்ஜிக்குத்தான் ஆகும். தம்பி, கொத்தமல்லியும் பார்ஸ்லியும் ஒரே மாதிரி கட்டியிருப்பாங்க, மோந்து பாத்து எடு. வெயில் காலத்துல 'செமிஸோட்டு'ன்னு தண்டு செவந்த ஒரு கீரை வரும். நம்மூரு பருப்புக்கீரையேதான்.

கோபி பெரியம்மா: அட!! அத விடாத. வேரை வெட்டிப்போட்டு மூணு தண்ணி அலசு, கணுவுல மண்ணு நிக்கும். ஒரு கட்டுக்கு ஒரு கை துவரம்பருப்பு. பருப்பு முக்கால் வேக்காடு வந்தப்பறம் கீரையப் போடு, மொதல்லயே போட்டா கரைஞ்சு போயிரும். கீரையே புளிக்கும், புளி வேண்டாம்.

நவீன்: மத்து இல்லீங்களே பெரீம்மா

கவி: உருளை மசிக்கற கட்டை போதும்டா. மிக்ஸில மட்டும் ஓட்டிராத, கொழகொழன்னு ஆயிரும்.