சுவரில் இருப்பது நீர்க்கறையா, பூஞ்சையா?

கேள்வி:
படுக்கையறையின் வெளிச்சுவரில், கூரையை ஒட்டிய மூலையில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு வளையம் ஒன்று விழுந்திருக்கிறது. பீரோவை நகர்த்தியபோது அதன் பின்புறச் சுவரிலும் கடுகைத் தூவியது போன்ற கரும்புள்ளிகளைக் கண்டேன். இரண்டும் ஒரே கசிவின் விளைவா? மேலே பெயிண்ட் அடித்தால் போதுமா?

பதில் 1:
இரண்டும் வேறு வேறு என்றே தோன்றுகிறது. சுவரில் ஊறிவரும் நீர் கரைத்துக்கொண்டு வரும் அழுக்கும் உப்பும் ஈரம் உலரும் விளிம்பில் தங்கிவிடுவதால்தான், நீர்க்கறையின் ஓரம் அடர்ந்தும் நடுப்பகுதி வெளிறியும் தெரிகின்றன. பூஞ்சையோ உயிருள்ளது, புள்ளிகளாகத் தொடங்கிப் படரும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் மெல்லிய பஞ்சு போன்ற மேடு தெரியும், பூசண வாடையும் அடிக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

கரும்புள்ளியின் மேல் நீர் கலந்த பிளீச்சை ஒரு சொட்டு விடுங்கள். ஓரிரு நிமிடங்களில் வெளிறினால் அது பூஞ்சையாக இருக்கலாம். கருமை அப்படியே நின்றால் கரியோ தூசியோ ஆகும். பழுப்புக் கறையும் பிளீச்சில் வெளிறக்கூடும் என்பதால் வளையத்தில் இச்சோதனை பயன்படாது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் எதனோடும் பிளீச்சைச் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

பதில் 2:
வெண்ணிறமாகப் பூத்திருப்பதைப் பூஞ்சை என்று பலர் பயப்படுகிறார்கள். அது விரலில் மாவாக உதிர்ந்து நீர்த்துளியில் கரைந்தால், சுவர் உப்புப் பூத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பதில் 3:
ஈரம் இன்னும் வருகிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது, ஏனெனில் நனைந்த பரப்பில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும். வளையத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதுங்கள். இரு இடங்களிலும் அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப்பால் அடைத்து ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவரை நோக்கிய பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு முன் பெயிண்ட் அடித்தால் அது உப்பி உரியும்.

கேட்டவர்:
வளையத்தின் மேல் ஒட்டிய தாள் இருபுறமும் காய்ந்தே இருந்தது. மழை பெய்த பின்னும் கறை கோட்டைத் தாண்டவில்லை. பீரோவை மீண்டும் பழைய இடத்தில் வைத்துச் சோதித்தபோது, அங்கிருந்த தாளின் அறைப்பக்கம் வியர்த்திருந்தது. புள்ளிகளும் பிளீச்சில் வெளிறின. அவற்றைத் துடைத்து உலர்த்திவிட்டு, பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன்.